பறக்கவிட இடம் இருக்கா? அப்புறம் வாங்குங்க குட்டி விமானம்!

தாம்பரம்:

சேலையூர், மாடம்பாக்கம் பக்கத்து ஜனங்களுக்கு விமானச் சத்தம் புதுசல்ல. விமானப்படை நிலையத்தில் பயிற்சி தொடங்கிவிட்டால் தலைக்கு மேலே "கிர்"ரென்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். மொட்டை மாடியில் துணி காயப்போடும் அம்மா நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பழகிப்போன சத்தம்!

ஆனால் பக்கத்தில் நிற்கும் பையன் பார்க்கிறான். கழுத்து வலிக்க வலிக்கப் பார்க்கிறான். சாயங்காலம் அப்பா ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் கேள்வி வந்து விழுகிறது.

"அப்பா, எனக்கு ஒரு ரிமோட் பிளேன் வாங்கித் தர்றியா?"

அப்பாவும் "சின்ன விஷயம்தானே" என்று நினைக்கிறார். அங்கேதான் தப்பு! இது சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை அல்ல. ஒரு மீட்டருக்கு மேல் இறக்கை, சுழலும் விசிறி, அசையும் வால் என்று நிஜ விமானத்துக்கு உள்ள அத்தனையும் இதற்கும் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் செலவு பத்தாயிரம் ரூபாயைத் தொடும். அவசரப்பட்டு வாங்கி, தெரியாமல் பறக்கவிட்டால், அத்தனை பணமும் அரை நிமிஷத்தில் மண்ணைக் கவ்விவிடும்.

பணம் போனாலும் போகட்டும். தாம்பரத்தில் அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. மேலே நிஜ விமானம் பறக்கிறது!

முதலில் வானம், அப்புறம் விமானம்

கடைக்குப் போகும் முன் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் நாலு விசிறி டிரோனுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இறக்கை வைத்த ரேடியோ விமானமும் அதே விதியில்தான் வருகிறது.

விதி வானத்தை மூன்று நிறமாகப் பிரிக்கிறது. சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடவே கூடாது. மஞ்சள் என்றால் அந்த வானத்தைக் கவனிக்கும் விமானக் கட்டுப்பாட்டு நிலையத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும். பச்சை என்றால் 400 அடி உயரம் வரை பறக்கவிடலாம்.

விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோ மீட்டருக்குள் தரையிலிருந்தே கட்டுப்பாடு. 8 முதல் 12 கிலோ மீட்டர் வரை உள்ள பகுதியில் 200 அடிக்கு மேல் போனால் அனுமதி வேண்டும்.

இப்போது தாம்பரத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம். இன்னொரு பக்கம் விமானப்படை நிலையம். நடுவில் மாட்டிக்கொண்டிருக்கின்றன பல்லாவரமும், குரோம்பேட்டையும், தாம்பரமும், சேலையூரும். பள்ளிக்கூட மைதானம் காலியாகக் கிடக்கிறதே, ஏரிக்கரை வெறிச்சென்று இருக்கிறதே என்று இங்கே தூக்கி எறிந்து பறக்கவிடுவது சட்ட விரோதம். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடம் இருக்கிறது.

"கால் கிலோகூட இல்லாத குட்டிங்க, இதுக்குப் போயா?" என்று கேட்பவர்கள் உண்டு. எடை குறைந்தால் சில சலுகை உண்டுதான். சம்பாத்தியத்துக்காக இல்லாமல், 2 கிலோ வரை உள்ளதைப் பறக்கவிட பைலட் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் சிவப்பும் மஞ்சளும் எடையைப் பார்த்து நிறம் மாறுவதில்லை. இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்தின் பாதையில் முக்கால் கிலோ மோட்டாரும் பாட்டரியும் குறுக்கே வந்தால் என்ன ஆகும்? அதில் உட்கார்ந்திருப்பவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே!

டிஜிட்டல் ஸ்கை தளத்தில் இந்த வரைபடம் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. வண்டலூர் தாண்டிவிட்டோம், கூடுவாஞ்சேரி வந்துவிட்டோம் என்று கண்ணளவில் முடிவு கட்டக் கூடாது. போகும் இடத்தை அதில் வைத்துப் பார்த்து, பதிவு எண் பற்றிய விதியையும் படித்துவிட்டு, நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்க வேண்டும். மின்சாரக் கம்பி, ரயில் பாதை, நெடுஞ்சாலை, ஆடு மாடு மேயும் இடம் ஆகாது.

இதில் ஒரு பழைய கதை உண்டு. 1910-ல் சென்னையில் ஓட்டலும் மிட்டாய்க் கடையும் நடத்தி வந்த டி ஏஞ்சலிஸ் என்ற கார்சிகா தீவுக்காரர், சிம்ப்சன் கம்பெனியில் சொல்லி ஒரு விமானம் செய்து வாங்கினார். எடுத்த எடுப்பில் ஊர் நடுவே பறந்து காட்டவில்லை. அந்தக் காலத்தில் பொட்டல் வெளியாக இருந்த பல்லாவரத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தார். அப்புறம்தான் தீவுத்திடலில் ஜனங்கள் முன்னால் பறந்தார். இன்றைக்குப் பல்லாவரத்தில் பொட்டல் இல்லை. ஆனால் முதலில் இடம், பிறகு விமானம் என்ற பாடம் மட்டும் அப்படியே இருக்கிறது!

வாத்தியார்களுக்கே வாத்தியார்

இடம் கிடைத்துவிட்டது. எந்த விமானம் வாங்குவது?

இதற்குப் பதில் தாம்பரத்திலேயே இருக்கிறது. இங்கே உள்ள விமானப்படைப் பள்ளி சாதாரணப் பள்ளி அல்ல. விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்களைத் தயார் செய்யும் பள்ளி. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது.

விமானப்படையில் சேரும் இளைஞனை யாரும் முதல் நாளே போர் விமானத்தில் ஏற்றிவிடுவதில்லை. மெதுவாகப் போகும், தப்பு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும் பயிற்சி விமானத்தில்தான் பாடம். முன்பு எச்.பி.டி.-32 இருந்தது. 2009-ல் அது நிறுத்தப்பட்டது. 2013-ல் பிலாட்டஸ் வந்தது. அதுவும் முன்னால் விசிறி சுழலும் பயிற்சி விமானம்தான்.

ஆனால் கடைக்குப் போன பையன் எதைக் காட்டுகிறான்? "அதோ, அந்த சுகோய்!" பார்க்க ஜோர்தான். கூரான மூக்கு, சின்ன இறக்கை. பறக்கவிட்டால் மணிக்கு எத்தனை கிலோ மீட்டர் என்று எண்ணுவதற்குள் பார்வையிலிருந்து ஓடிவிடும். புதியவன் யோசித்து விரலை அசைப்பதற்குள் கதை முடிந்துவிடும்.

முதல் விமானத்துக்கு லட்சணம் இதுதான்:

இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். கனம் கீழே தொங்கும். அதோடு இரண்டு இறக்கையும் நுனியில் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தால், விமானம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானே நிமிரப் பார்க்கும்.

இறக்கை நீளமாக, அகலமாக இருக்க வேண்டும். அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் நல்லது. மெதுவாகப் போனாலும் தாங்கும். நுனிக்கு நுனி ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை போதும். அதைவிடக் குட்டியானது சின்னக் காற்றுக்கே ஆடும்.

உடம்பு தெர்மோகோல் ஜாதி நுரையாக இருக்கட்டும். விழுந்தால் ஒட்டிக்கொள்ளலாம். பால்சா மரத்தில் செய்தது அழகு. ஆனால் முதல் வாரத்திலேயே விறகாகிவிடும்! விசிறி மூக்கில் இல்லாமல் இறக்கைக்குப் பின்னால் இருக்கும் மாடலும் உண்டு. மூக்கு குத்தினாலும் விசிறி பிழைக்கும்.

நிறமும் முக்கியம். மேலே ஒரு நிறம், அடியில் வேறு நிறம். நூறு மீட்டர் தள்ளிப் போனபின் எது மேல்பக்கம், எது அடிப்பக்கம் என்று தெரியாமல் தவிப்பவர்கள் நிறைய.

சைக்கிள் ஸ்போக்கும் சன்பேக் ஷீட்டும்

கடையில் ரெடிமேட் விமானம் கிடைக்கிறது. கையில் காசு குறைவா? கையாலும் செய்யலாம். போர்டு எழுதும் கடையில் கிடைக்கும் சன்பேக் ஷீட், நுரைப் பலகை, மூங்கில் குச்சி, அகலமான டேப், பசை. இவைதான் மூலதனம். வாலை இழுக்கும் கம்பிக்குப் பழைய சைக்கிள் ஸ்போக் இருந்தால் பிரமாதம்.

செய்து பழகியவனுக்கு ஒரு லாபம் உண்டு. உடைந்தால் அழமாட்டான். எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று பார்த்து ஒட்டிவிட்டு மறுநாள் வந்து நிற்பான்.

உள்ளே வைக்கும் சாமான்கள் மட்டும் செய்ய முடியாது, வாங்க வேண்டும். ஒரு மீட்டர் இறக்கை உள்ள விமானத்துக்குப் பொதுவாகப் போடுவது இது: பிரஷ் இல்லாத ஒரு சிறு மோட்டார், 30 ஆம்பியர் ஸ்பீடு கண்ட்ரோலர், 9 கிராம் சர்வோ மூன்று நாலு, 11.1 வோல்ட் லிதியம் பாலிமர் பாட்டரி ஒன்று. 2200 மில்லி ஆம்பியர் அளவு பாட்டரி என்றால் நிதானமாக ஓட்டினால் பத்து நிமிஷம் அளவுக்குப் பறக்கலாம். பழுது பார்க்க, ஒயர் வாங்க, கனெக்டர் தேட சென்னைக்காரர்களுக்கு இருக்கவே இருக்கிறது ரிச்சி தெரு.

சிக்கனம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டர். விமானம் இன்று இருக்கும், நாளை உடையும். டிரான்ஸ்மிட்டர் பத்து விமானத்துக்கு உழைக்கும். அந்தக் காலத்தில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் சுவிட்சைப் போட்டால் பறந்துகொண்டிருக்கும் விமானம் பைத்தியம் பிடித்ததுபோல் விழும். "இன்ன சேனல் யாரு?" என்று கத்திக் கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவார்கள். இப்போது வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டுகளில் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்வதால் அந்தத் தொல்லை போயிற்று.

பாட்டரி, ஜாக்கிரதை!

இந்த லிதியம் பாட்டரி டார்ச் லைட் பாட்டரி மாதிரி சாது அல்ல. குத்துப்பட்டாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ தீப்பிடிக்கும்.

அதற்கென்று உள்ள பேலன்ஸ் சார்ஜரில்தான் போட வேண்டும். 2200 பாட்டரிக்கு 2.2 ஆம்பியருக்கு மேல் வைக்கக் கூடாது. சார்ஜ் ஆகும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். "போட்டுட்டுத் தூங்கலாம், காலையில எடுத்துக்கலாம்" என்பது கூடவே கூடாது. மெத்தை மேல், பேப்பர் கட்டு மேல் வேண்டாம். வெறும் தரையில் ஒரு ஓடு மேல் வைக்கலாம். உப்பிப்போன பாட்டரியை மறுபடி தொடாதீர்கள். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு ஆபீஸ் போகாதீர்கள்.

ரெண்டு விரலில் ஜாதகம்

காத்தாடி விட்டவர்களுக்கு ஒன்று தெரியும். சூத்திரக் கயிறு கொஞ்சம் இடம் மாறினாலும் காத்தாடி தலைகுப்புற வரும். விமானத்துக்கும் அப்படி ஒரு இடம் உண்டு. அதுதான் எடை மையம்.

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை உள்ள அகலத்தில் கால் பாகத்துக்கும் மூன்றில் ஒரு பாகத்துக்கும் நடுவே அது விழ வேண்டும். இறக்கை அகலம் 20 சென்டிமீட்டர் என்றால், முன்விளிம்பிலிருந்து 5, 6 சென்டிமீட்டரில் ஒரு கோடு போடுங்கள். பாட்டரியையும் உள்ளே வைத்து, அந்தக் கோட்டில் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு விரலால் தாங்கித் தூக்குங்கள். விமானம் மட்டமாக, அல்லது மூக்கு ஒரு பொட்டு கீழே சாய்ந்து நிற்க வேண்டும். வால் இறங்கினால் பாட்டரியை முன்னே தள்ளுங்கள். மூக்கு கொஞ்சம் கனத்தால் விமானம் சோம்பலாகப் போகும், அவ்வளவுதான். வால் கனத்தால் ஓட்டுகிறவன் சொன்ன பேச்சைக் கேட்காது.

அடுத்தது திசைச் சோதனை. வீட்டில் செய்வதென்றால் விசிறியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். விரலைப் பதம் பார்த்துவிடும்! விமானத்துக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள். குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் வாலின் கிடைமட்டத் தகடு மேலே எழும்ப வேண்டும். வலது பக்கம் தள்ளினால் நிற்கும் தகடு வலது பக்கம் திரும்ப வேண்டும். இறக்கையிலும் தகடு இருந்தால், வலது பக்கம் தள்ளும்போது வலது இறக்கைத் தகடு மேலே போக வேண்டும். ஒன்று தலைகீழாக இருந்தாலும் பறக்கவிடக் கூடாது. டிரான்ஸ்மிட்டரில் உள்ள சுவிட்சில் அதை மாற்றலாம்.

தகடுகள் எவ்வளவு அசைய வேண்டும்? ஒரு சென்டிமீட்டர் அளவு மேலே, அதே அளவு கீழே போதும். நிறைய அசைந்தால் புதியவன் கையில் விமானம் துள்ளும்.

சுவிட்ச் போடுவதிலும் வரிசை உண்டு. முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு விமானத்தின் பாட்டரி. முடிக்கும்போது முதலில் பாட்டரியைக் கழற்று, பிறகு டிரான்ஸ்மிட்டர். சிக்னல் அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி செய்துவிட்டுத்தான் மைதானத்துக்குக் கிளம்ப வேண்டும்.

தனியாகப் போகாதே, தம்பி!

இவ்வளவும் செய்தபின் முதல் நாள். தென் சென்னையில் பொழுது ஏற ஏறக் கடற்காற்று வீசத் தொடங்கும். அதனால் சூரியன் ஏறும் முன், இலை அசையாத நேரம்தான் புதியவனுக்கு ஏற்றது.

காற்று வரும் திசையைப் பார்த்துக் கிளப்ப வேண்டும். அதே திசையைப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். கிளம்பியதும் உயரம் பிடிக்க வேண்டும். உயரம் இருந்தால் தப்பைத் திருத்த நேரம் கிடைக்கும். தென்னை மர உயரத்தில் தப்பு செய்தால் திருத்த நேரம் ஏது?

எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. விமானம் நம்மை விட்டுப் போகும்போது வலது என்றால் வலதுதான். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது வலது இடதாகிவிடும்! கண்ணாடியைப் பார்த்து மீசை வெட்டுகிற கதை. இதற்கு ஒரு சுலப வழி: எதிரே வரும்போது எந்த இறக்கை கீழே சாய்கிறதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு. நிமிர்ந்துவிடும்.

இது மூளைக்குப் புரிந்தாலும் விரலுக்குப் புரிய நாளாகும். கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் வந்திருக்கிறது. அதில் நூறு தடவை விழுந்தாலும் நயா பைசா செலவில்லை. பத்து, பதினைந்து மணி நேரம் அதில் விழுந்து எழுந்துவிட்டு வருகிறவன் மைதானத்தில் கை நடுங்கமாட்டான்.

எல்லாவற்றையும்விட மேல், கூட ஒரு வாத்தியார். விமானப்படையின் பயிற்சி விமானத்தில் மாணவனுக்கு ஒரு செட் கட்டுப்பாடு, ஆசிரியருக்கு ஒரு செட். மாணவன் தப்பு செய்தால் ஆசிரியர் கை வைப்பார். குட்டி விமானத்திலும் அதே ஏற்பாடு உண்டு. இரண்டு டிரான்ஸ்மிட்டரை இணைத்துவிடலாம். ஆசிரியர் சுவிட்சைப் பிடித்திருக்கும் வரை பையன் ஓட்டுவான். விட்டால் விமானம் ஆசிரியர் கைக்கு வந்துவிடும்.

அப்படி ஒரு ஆளை எங்கே பிடிப்பது? என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங் ஒரு பாடம். பையன் படிக்கும் பள்ளி, கல்லூரியில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று விசாரிக்கலாம். என்ஜினீயரிங் கல்லூரிகளில் மாணவர்கள் கூடிச் செய்யும் குழுக்கள் உண்டு. அவர்கள் எங்கே, என்ன அனுமதியோடு பறக்கவிடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் இடப் பிரச்சினையும் பாதி தீர்ந்துவிடும். பழகிய ஆள் பறக்கவிடும் நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்த பிறகு கடைக்குப் போனாலும் குடி முழுகிவிடாது.

வளையலை அடகு வைத்த அக்கா

"பத்தாயிரம் ரூபாயை ஆகாசத்தில் விடவா?" என்று அம்மா கேட்பது நியாயம்தான். மாதக் கடைசியில் கேட்டால் இன்னும் நியாயம்!

அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை. தாம்பரத்துக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி குரோம்பேட்டையில் இருக்கிறது எம்.ஐ.டி. 1949-ல் சி. ராஜம் தொடங்கிய கல்லூரி. 1950-களில் ராமேசுவரத்திலிருந்து ஒரு இளைஞர் அங்கே சேர வந்தார். சேருவதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். வீட்டில் ஏது அவ்வளவு? அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

கல்லூரியில் பாடம் காட்டுவதற்காக நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களை அந்த இளைஞர் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். பறக்காத விமானங்கள்தான். ஆனால் அவர் விமானப் பொறியியலை எடுத்துப் படித்தார். அவர்தான் பிறகு ஜனாதிபதியான அப்துல் கலாம்!

அதே எம்.ஐ.டி. வளாகத்தில் உருவான தக்ஷா குழு, 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித் குமார். ரிமோட் விமானம் அவருக்கும் பழைய பித்து.

குட்டி விமானம் வாங்கிய பையன் எல்லாம் கலாம் ஆகிவிடுவான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, எடை சரியா என்று தூக்கி, தகடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூன்று தடவை சோதித்து, மேலே வேறு விமானம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு விரலை அசைக்கிற பையன், எந்த வேலைக்குப் போனாலும் உருப்படுவான்.

முதல் விமானம் உடையும். அது விதி. டேப் போட்டு ஒட்டலாம். ஆனால் சேலையூர் வானத்தில் வட்டமடிக்கும் நிஜ விமானத்துக்கு டேப் போட முடியாது. அதனால் அப்பாமார்களே, பையனைக் கடைக்குக் கூட்டிப்போகும் முன் வரைபடத்தைக் கையில் கொடுங்கள். "இதுல பச்சை எங்கே இருக்கு, கண்டுபிடி" என்று சொல்லுங்கள்.

அவன் கண்டுபிடித்துக்கொண்டு வந்தால், விமானம் வாங்கிக் கொடுக்கலாம்!